மெம்பருக்குப் போட்ட பாலம்

எங்கள் ஊரில் அப்போது இருபது வீடுகள் இருக்கும். கொல்லிமலையில் குண்டூர் நாட்டைச் சேர்ந்த ஊர்; மலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. செம்மேட்டுக்குப் போவதானாலும் அடிவாரத்துக்கு இறங்குவதானாலும் ஊர் எல்லையைத் தாண்டியதும் ஓர் ஆறு குறுக்கே வரும். கீழ்நாட்டுக்காரர்கள் அதைப் பார்த்தால் இதுவா ஆறு, ஓடை என்பார்கள். வைகாசியில் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். முழங்கால்கூட நனையாது. ஐப்பசியில் வந்து பார்த்துவிட்டு அந்த வார்த்தையைச் சொல்லட்டும். ஆள் உயரத்துக்குச் செந்தண்ணீர் பாறைகளை உருட்டிக்கொண்டு போகும். நாலு நாள், ஐந்து நாள், சில வருஷங்களில் பத்து நாள்கூட இக்கரையிலேயே கிடப்போம். உப்புத் தீர்ந்தால் உப்பில்லாமல் கஞ்சி குடிப்போம். அதையெல்லாம் நாங்கள் ஒரு குறையாக நினைத்ததில்லை. குறை ஒன்றே ஒன்றுதான். பிரசவம் பார்க்கிற மருத்துவச்சி அக்கரை ஊரில் இருந்தாள்.

என் மனைவிக்கு முதல் பிள்ளை கால் முன்னால் வந்தது. நல்ல வேளையாக அது மாசி மாதம். மருத்துவச்சி ஒரு பகல் முழுக்கப் போராடித் தாயைக் காப்பாற்றினாள், பிள்ளை தங்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அடுத்தது உண்டாச்சுன்னா வலி எடுத்த நாழிக்கே என்னைக் கூப்புட்டுப் போடோணும் கண்ணு. நேரங்கழிச்சுக் கூப்புட்டீன்னா இவ நமக்கு இல்ல."

இரண்டு வருஷம் கழித்துச் சித்திரையில் என் மனைவி மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது. விரல் விட்டு எண்ணினோம். கார்த்திகையில் வருகிறது. ஐப்பசி வெள்ளம் வடியாத மாதம். சந்தோஷப்பட வேண்டிய செய்தியைக் கேட்டுவிட்டு ஆற்றங்கரையில் போய் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. கீழே தாலுகா போர்டு என்று ஒன்று இருந்தது. ரோடு, பாலம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் அதன் கையில். மலைப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ள என்று ஒரு மெம்பரும் உண்டு. கீழே வயலும் தோப்பும் உள்ள பெரிய மனிதர். மலை எந்தத் திசையில் இருக்கிறது என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும், தோப்பிலிருந்து பார்த்தால் தெரியுமே. ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சின்ன வயதில் அடிவாரத்தில் ஒரு குடியானவர் வீட்டில் பண்ணையத்துக்கு இருந்தபோது நாலாம் வகுப்புவரை படித்திருந்தேன். போர்டுக்கு மனு எழுதுவோம், கல்தூண் நிறுத்தி ஆற்றுக்கு ஒரு பாலம் கேட்போம் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னேன்.

எங்கள் ஊர்க்கவுண்டர் எனக்கு மாமனார். என் அம்மாவோடு பிறந்தவரும் அவரே. நல்ல மனிதர் என்று குண்டூர் நாட்டில் மட்டுமல்ல, எடப்புளி நாட்டிலும் பேர். கூட்டத்தில் யார் என்ன பேசினாலும் கடைசியில் அவர் வாயிலிருந்து வருவதுதான் ஊர்ப் பேச்சு. எல்லோரும் பேசிய பிறகு அவர், "எழுது மாப்பிள்ளை. நம்ம புள்ளைக்காவத்தான் எழுதறோம்னு போட்டுராதே, ஊருக்குன்னு போடு" என்றார். ஊருக்கு என்றுதான் போட்டேன். மகாகனம் பொருந்திய என்று தொடங்கி, இருபது வீட்டுக்காரர்களின் கைநாட்டையும் வாங்கி, நானே இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்களுக்கும் வாய் இருக்கிறது என்று காட்டிவிட்ட தெம்பில் அன்று மலை ஏறினேன்.

ஒரே மாதத்தில் ஆள் வந்தது. வைகாசிக் கடைசியில் மெம்பரே நேரில் வந்து பார்வையிடப் போகிறாராம். எங்கள் மனுவைப் பார்த்து வந்தாரா, பலாப்பழம் பழுக்கிற காலம் பார்த்து வந்தாரா என்று இப்போது கேட்கிறேன். அப்போது அப்படிக் கேட்கத் தோன்றவில்லை. ஊரே திருவிழா வந்த மாதிரி ஆகிவிட்டது.

இந்த இடத்தில் எங்கள் ஜனங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் நாட்டில் ஊருக்கு வருகிற விருந்தாளியின் கால் ஆற்றில் நனையக் கூடாது. சம்பந்தம் பேச வருபவரானாலும் சாவு கேட்டு வருபவரானாலும் ஊர் இளவட்டங்கள் கரையில் காத்திருந்து முதுகில் சுமந்து இக்கரை சேர்ப்பார்கள். நனைந்த காலோடு ஒருவர் ஊருக்குள் வந்தால் அந்த ஊருக்கு மானம் போயிற்று என்று அர்த்தம். மெம்பரையும் அப்படித் தூக்குவதா? பட்டை வைத்த வேட்டியும் கோட்டும் போட்ட பெரிய மனிதரை முதுகில் உப்பு மூட்டை ஏற்றுவதா? அது மரியாதைக் குறைவு என்று மாமாவுக்குப் பட்டது.

"மரத்தைப் போட்டுருவோம். நடந்தே வரட்டும் எசமான்" என்றார்.

மூன்று நாள் வேலை. காட்டில் மரத்தைத் தொட்டால் பாரஸ்ட்காரன் கேஸ் போடுவான் என்பதால் மாமா தன் கொல்லையில் நின்ற இரண்டு பெரிய பலா மரங்களையே வெட்டச் சொன்னார். அவற்றை இழுத்துவந்து ஆற்றுக்குள் கிடந்த பாறைகளின் மேல் பாலமாகக் கிடத்தினோம். மேலே மூங்கில் தட்டி, தட்டிக்கு மேலே மண். பெண்கள் வந்து சாணி போட்டு மெழுகினார்கள். என் மனைவியும் மேடிட்ட வயிற்றோடு உட்கார்ந்து மெழுகினாள். இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கொடி கட்டினோம். தண்ணீருக்கு ஒரு முழம் உயரத்தில் கிடந்த அந்தப் பாலம் முதல் வெள்ளத்தோடு போய்விடும் என்பது ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அது விருந்தாளிக்குப் போட்டது, அவர் போனபின் எப்படிப் போனால் என்ன?

பாலம் கேட்டு மனு எழுதியவன் நான். அதைப் பார்க்க வருகிறவர் கண் முன்னால் ஒரு பாலத்தைப் போட்டு வைக்கிறோமே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. மரம் இழுத்த தோள்பட்டை வலியோடு பாலத்தை அக்கரையிலிருந்து பார்த்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

மெம்பர் டோலியில் வந்தார். கீழே இருந்து எங்கள் ஆட்கள்தான் மாற்றி மாற்றித் தூக்கி வந்தார்கள். ஆற்றங்கரையில் இறங்கினார். பாலத்தில் நடந்தார். நடுவில் நின்று செருப்புக் காலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"பரவாயில்லையே! நல்லாத்தான் வச்சிருக்கீங்க" என்றார்.

மாமா கைகட்டி நின்று, "எல்லாம் எசமான் தயவுங்க" என்றார்.

இது வாய்ப்பேச்சுக்குச் சொல்வது. மழை பெய்தாலும் சொல்வோம், மாடு ஈன்றாலும் சொல்வோம். மெம்பருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் அதை நிஜமாகவே வாங்கிக்கொண்டார். தன் தயவில்தான் இந்தப் பாலம் வந்தது, போர்டு எப்போதோ போட்டிருக்கிறது, தனக்கு மறந்துவிட்டது என்பது மாதிரி தலையை ஆட்டினார். அப்போதுதான் எனக்குத் திக்கென்றது.

சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, கோழி, பலாச்சுளையில் தேன் ஊற்றி. மெம்பர் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிய பிறகு நான் மெதுவாக ஆரம்பித்தேன். "எசமானுங்க, மனுவில எழுதியிருந்த பாலம்..."

"அதான் பார்த்தேனேப்பா. அதுமேலதானே நடந்து வந்தேன்" என்றார் மெம்பர்.

"அது வந்துங்க..."

"மாப்பிள்ளை" என்றார் மாமா. "எசமானுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா."

தண்ணீர் கொண்டுவந்தேன். விருந்தாளிக்குச் செய்ததை விருந்தாளியிடமே சொல்லிக்காட்டுவது எங்களிடம் பெரிய குற்றம். சொன்னவன் நாக்கு அழுகும் என்பார்கள். இந்தக் கோழியை உங்களுக்காகத்தான் அடித்தோம் என்று சொன்னால் தின்றவனுக்கு உள்ளே இறங்குமா? இந்தப் பாலத்தை உங்களுக்காகத்தான் போட்டோம் என்பதும் அந்தக் கணக்குத்தான். மெம்பரை டோலியில் ஏற்றி, இரண்டு பலாப்பழத்தையும் ஒரு குடுவைத் தேனையும் கூட அனுப்பி வைத்தோம்.

அவர் போனதும் நான் மாமாவோடு சண்டை போட்டேன். வாழ்நாளில் அவரிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"சொல்லியிருக்கோணும் மாமா! பாலம் இருக்குதுன்னு எழுதிப் போடுவாரு!"

"அவருக்குக் கண்ணு இல்லியா? மெழுகின சாணி காயக்கூட இல்ல. பெரிய மனுசருக்கு அது தெரியாதா?"

"தெரியலீன்னா?"

"தெரியும் சாமி" என்றார் மாமா. உண்மையாகவே நம்பித்தான் சொன்னார். அடுத்தவனுக்கும் கண் இருக்கிறது, மனசு இருக்கிறது என்று கடைசிவரை நம்பினார். அந்த நம்பிக்கையை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆடி மாதம் போர்டு கூட்டத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மாமாவும் நானும் விடிவதற்கு முன்னே கிளம்பி இறங்கினோம். கூடத்தில் தலைவரும் மெம்பர்களும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மனு கொடுத்த ஜனங்கள் சுவரோரமாக நின்றோம். எங்களுக்கு முன்னால் ஒருவர் தெருவிளக்கு வேண்டும் என்று கேட்டார், இன்னொருவர் சாக்கடை வீட்டுக்குள் வருகிறது என்றார். எங்கள் முறை வந்தபோது குமாஸ்தா மெம்பருடைய ரிப்போர்ட்டை எழுந்து படித்தார். மேற்படி ஊருக்கு நேரில் சென்று பார்வையிட்டதில், ஆற்றின் குறுக்கே மரப்பாலம் நல்ல நிலையில் இருக்கிறது. ஜனங்கள் செழிப்பாக இருக்கிறார்கள். அவர்களே போர்டின் தயவுக்கு நன்றி சொன்னார்கள்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். "ஏம்ப்பா, இருக்கிற பாலத்துக்கு மேல இன்னொரு பாலமா? மாடிப் பாலமா?"

கூடம் சிரித்தது. சாக்கடைக்காரரும் சிரித்தார்.

நான் முன்னால் போய்ச் சொன்னேன். அந்தப் பாலம் மெம்பர் வருகிறார் என்று மூன்று நாளில் போட்டது, வெள்ளம் வந்தால் நிற்காது, ஐப்பசியில் எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பிள்ளை வலி வந்தால் வழியில்லை என்றேன். எழுதி வைத்துப் பேசிப் பழகியிருந்தேன். மெம்பருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்ப என்னை ஏமாத்தினீங்களா?" என்றார்.

"ஏமாத்தலீங்க. மரியாதைக்குங்க."

"மரியாதைக்குப் பாலம் கட்டறவங்களை இப்பத்தான் பார்க்கறேன்" என்றார் தலைவர். "சரி, அப்படியே இருக்கட்டும். மூணு நாள்ல நீங்களே போட்டுக்குவீங்கன்னா வருசா வருசம் போட்டுக்கறதுதானே? எங்ககிட்ட எதுக்கு வர்றீங்க?"

பிறகு மாமாவைப் பார்த்து, "ஊர்க்கவுண்டர் நீங்கதானே? சொல்லுங்க. உங்க மாப்பிள்ளை சொல்றது நெசமா?" என்று கேட்டார்.

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். ஒரே ஒரு ஆமாங்க போதும். ஊர்க்கவுண்டர் வாயால் ஓர் ஆமாங்க. அவர் மெம்பரைப் பார்த்தார். தன் வீட்டில் உட்கார்ந்து தன் சோற்றைத் தின்றுவிட்டுப் போன மனிதர் எதிரே இருக்கிறார். அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். மாமா தரையைப் பார்த்தார்.

"எசமானுக்குத் தெரியாததாங்க?" என்றார்.

அவ்வளவுதான். மனு தள்ளுபடி என்று குமாஸ்தா எழுதினார். அடுத்த மனுவைக் கூப்பிட்டார்கள். மலை ஏறும்போது நான் மாமாவுக்கு முன்னாலேயே நடந்தேன். அவர் பின்னால் இரண்டு தடவை கூப்பிட்டார், நான் நிற்கவில்லை.

அந்த வருஷம் ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்றிலும் மழை சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. பாலம் அப்படியே கிடந்தது. நாங்களும் அதன் மேல் போக வரப் பழகிவிட்டோம். கூட்டத்தில் அவ்வளவு பேசிவிட்டு வந்த நானே, பாலம் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். ஐப்பசிக் கடைசியில் மனைவியை அக்கரைக்குக் கொண்டுபோய் மருத்துவச்சி வீட்டுப் பக்கத்தில் ஓர் உறவுக்காரர் வீட்டில் விட்டுவிடலாம் என்று யோசனை. புரட்டாசியிலேயே விட்டிருக்கலாம். ஏன் விடவில்லை என்று என்னை நானே கேட்காத நாள் இல்லை. மெம்பர் எழுதியதைக் கேட்டுச் சிரித்தவர்களைத் திட்டுகிறேன். அந்தப் பாலத்தை நம்பியவர்களில் நானும் ஒருவன்.

ஐப்பசி பத்துத் தேதிக்குள் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலையில் பலா மரங்கள் இரண்டும் காணோம். அன்றைக்கே, நாளுக்கு ஒரு மாதம் முன்னால், என் மனைவிக்கு வலி எடுத்தது.

அக்கரையை நோக்கிக் கத்தினோம். துணியை ஆட்டினோம். அக்கரைக் காட்டில் வேலை செய்தவர்கள் யாரோ பார்த்துவிட்டு மருத்துவச்சியைக் கூட்டிவந்தார்கள். வயதான பெண், சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் ஓடிவந்தாள். வந்து என்ன செய்ய? நடுவில் தண்ணீர். எங்கள் ஆட்கள் இருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார்கள், பத்தடி போவதற்குள் இழுத்துப் போட வேண்டியிருந்தது. மருத்துவச்சி அந்தக் கரையிலேயே நின்று கத்தினாள். தண்ணீர்ச் சத்தத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைகளை நீட்டித் திருப்பிக் காட்டினாள். பிள்ளையைத் திருப்பச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஓடிப்போய் உள்ளே இருந்த பெண்களிடம் அதே மாதிரி கையைத் திருப்பிக் காட்டினேன். அவர்களுக்கு என்ன தெரியும்? மறுபடி ஆற்றுக்கு ஓடினேன். மறுபடி வீட்டுக்கு. எத்தனை தரம் என்று தெரியாது. ஒரு தரம் உள்ளே வந்தபோது அவள் என்னைப் பார்த்து, "ஏனுங்க, வந்துட்டாங்களா?" என்று கேட்டாள். வந்தாச்சு, கரையில் இருக்கிறார்கள் என்றேன். அது பொய்யும் இல்லை.

உச்சி சாய்ந்தபோது அவள் போய்விட்டாள். பிள்ளை வெளியே வரவே இல்லை. நான் ஆற்றுக்குப் போய்க் கையை விரித்துக் காட்டினேன். மருத்துவச்சி அப்படியே சேற்றில் உட்கார்ந்தாள்.

மாமா மகளைப் புதைக்கும்போது அழவில்லை. குழியில் மண் தள்ளிவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு ஆயிற்றா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

நான் மறுபடி மனு எழுதினேன். இந்தத் தடவை மகாகனம் எல்லாம் இல்லை. பாலம் போய்விட்டது, ஒரு தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள் என்று மட்டும் எழுதினேன். பதில் வர ஆறு மாதம் ஆயிற்று. மெம்பருடைய ரிப்போர்ட்டை வைத்துப் போர்டு ரிஜிஸ்தரில் ஏற்றியிருந்த பாலம் காணாமல் போனது சம்பந்தமாக மெம்பர் விசாரணைக்கு வருவார் என்று இருந்தது. தாயைப் பற்றி ஒரு வரி இல்லை.

மறுபடி வைகாசி. மெம்பர் வருகிற நாளுக்கு முன் இளவட்டங்கள் மாமாவிடம் போய்க் கேட்டார்கள். "மரம் வெட்டிப் போட்டரலாமுங்களா?"

"வேண்டாம்" என்றார் மாமா.

"அப்ப முதுகுல தூக்கிக்கிறோமுங்க."

"அதுவும் வேண்டாம்."

மெம்பர் அக்கரையில் டோலியை விட்டு இறங்கினார். இக்கரையில் ஊரே நின்றது. நடுவில் முழங்கால் தண்ணீர். யாரும் அசையவில்லை. மெம்பர் செருப்பைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார்.

"இங்க இருந்த போர்டு பாலத்தை என்னய்யா பண்ணுனீங்க? விறகுக்கு வெட்டிட்டீங்களா?" என்று கத்தினார்.

மாமா தண்ணீரில் இரண்டடி இறங்கி நின்றார்.

"அது போர்டு பாலம் இல்லீங்க. நீங்க வாரீங்கன்னு என்னோட பலா மரத்தை வெட்டி நாங்க போட்டதுங்க. உங்க காலு நனையக் கூடாதுன்னு போட்டதுங்க."

"இதை ஏன் அன்னிக்கே சொல்லலே? கூட்டத்துல கேட்டபோதும் சொல்லலையே?"

"விருந்தாளிகிட்டச் சொல்லக் கூடாதுங்க."

"இப்ப மட்டும் சொல்றியே?"

"இப்ப நீங்க விருந்தாளி இல்லீங்க" என்றார் மாமா.

மெம்பர் டோலி தூக்கியவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார். பிறகு டோலியில் ஏறிக்கொண்டு போய்விட்டார். பாலத்தை ஊரார் அழித்துவிட்டதாக எழுதிக்கொண்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். பாலம் எங்களுக்கு அப்புறமும் வரவில்லை.

அன்று சாயங்காலம் மாமா என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "சொல்லிக்காட்டிப் போட்டேன் மாப்பிள்ளை" என்றார். பிறகு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். மகள் செத்ததற்கு அழாத மனிதர், வந்தவனைக் கரையில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பியதற்கு அழுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. எதற்கு அழுகிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் வேறு பதில் வந்திருக்கும் என்று இந்த வயதில் தெரிகிறது. போர்டு கூடத்தில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாதா என்பதைத் தவிர அன்றைக்கு எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

அடுப்பில் சாமைக் கஞ்சி இருந்தது. உள்ளே போய் ஊற்றிக் குடித்தேன். அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.